முகம் பார்க்காத இன்ஸ்பெக்டர்

போன வாரம் சாராயக்கடைகளைக் கண்காணிக்கிற அப்காரி இலாகாவில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கையில் பத்திரிகை. மதுவிலக்கு வரப்போகிறதாம். வந்தாலும் டாக்டர் சொல்லிக் குடிக்கிறவர்களுக்கும், விட முடியாத வயசாளிகளுக்கும் பெர்மிட் உண்டாம். அப்படிப் பெர்மிட் வாங்குகிறவர்களின் பேரைக் சர்க்கார் கச்சேரிச் சுவரில் ஊர் அறிய ஒட்டவேண்டும் என்று ஒருவர் எழுத, அது அநியாயம் என்று இன்னொருவர் எழுத, பத்திரிகையில் தினமும் சண்டை நடக்கிறது. சார் காலத்தில் இப்படி ஒரு விவகாரம் வந்ததுண்டா என்று கேட்டார்கள்.

எனக்குத் திக்கென்றது. குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறிவிட்டது. ஒட்டக் கூடாது, ஒருக்காலும் ஒட்டக் கூடாது என்று நான் போட்ட சத்தத்தில் என் சம்சாரம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பல்லி விழுந்தாலே பத்து நாள் பதறுகிற மனுஷனை அப்காரியில் எப்படித்தான் வைத்துக்கொண்டார்களோ என்பது அவள் ஆயுள்கால சந்தேகம். ஏன் ஒட்டக் கூடாது என்று இளைஞர்கள் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் பூதலிங்கம் பிள்ளையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் வாய் வரவில்லை. அவர்களிடம் சொல்லாத மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்தவரின் மகன். மூட்டைக் கணக்கு எனக்கு ஏறவில்லை. ஒரு பெரியவரின் சிபாரிசில் அப்காரியில் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பீப்பாய்க்கு அரக்கு முத்திரை வைக்கவும், சாராயத்தில் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு அதன் வீரியம் எத்தனை டிகிரி என்று பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். குடித்துப் பார்த்துச் சொல்லக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள். எனக்கு அந்த ஆசையே இல்லை. பிறகு பூதலிங்கம் பிள்ளையிடம் அனுப்பினார்கள்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. அந்தக் காலத்துச் சாராயக்கடைகளில் வாசலை மறைத்து, முடைந்த ஓலையால் ஒரு தட்டி நிறுத்தியிருப்பார்கள். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர்களின் கால் மட்டும் தெரியும். அந்தத் தட்டிக்குப் பின்னால் நான் நுழைந்ததும், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் கையில் கிளாசுடன் உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் கையைக் கூப்பி, "நமஸ்காரம் சார்" என்று சொல்லிவிட்டேன். கடை முழுவதும் பேச்சு நின்றுவிட்டது. வாத்தியார் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்கதவு வழியே போனார். அதற்குப் பிறகு தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

தட்டிக்கு உள்ளே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொந்த அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பேச்சு கிடையாது. ஊற்றிக் கொடுக்கிறவன் கிளாசைத்தான் பார்ப்பான், ஆளைப் பார்க்கமாட்டான். இது எந்தச் சட்டத்திலும் எழுதியதில்லை. ஆனால் சட்டத்தை மீறுகிறவன்கூட இதை மீறமாட்டான். பூதலிங்கம் பிள்ளை என்னை வெளியே அழைத்துக்கொண்டுபோய் நிதானமாகச் சொன்னார்.

"வேய், நமக்கு வேலை பீப்பாயோட. கண்ணு பீப்பாய்ல இருக்கட்டும். முகத்தைப் பாக்கதுக்குச் சர்க்கார் நமக்குச் சம்பளம் தரல்ல."

அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். ஒல்லி, உயரம், எப்போதும் கறுப்புக் கோட்டு, மழையானாலும் வெயிலானாலும் குடை. ஒரு கடையைச் சோதிக்க அவர் போகும் விதமே தனி. தட்டிக்கு வெளியே நின்று குடை நுனியால் தரையில் தட்டுவார். பலமாக ஒரு கனைப்புக் கனைப்பார். பிறகு கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சாவகாசமாக மென்று முடிப்பார். போக நினைக்கிறவர்கள் பின்கதவு வழியே போவதற்குக் கொடுத்த நேரம் அது. அப்படியானால் கடைக்காரன் தண்ணீர் கலந்ததை ஒளித்துவிடமாட்டானா என்று நான் கேட்டதற்கு, பீப்பாயை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓட முடியாது என்றார்.

உள்ளே போனால் வேறு மனுஷன். முதலில் முத்திரை. அரக்கில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிப்பார். பீப்பாயைக் கலக்கச் சொல்லி, மேலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நீளக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மீட்டரை மெதுவாக விடுவார். அது ஆடி அடங்கும்வரை மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. ஒரு காலை மடித்து, குனிந்து, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிப்பார். மேலே நின்று பார்த்தால் ஒரு கோடு அதிகமாகத் தெரியும் என்பார். முடிந்ததும், வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் கை கழுவுவார். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. ஆனால் நாள் முழுக்கக் குவளையோடும் பீப்பாயோடும் புழங்குகிற எங்கள் உடம்பிலும் துணியிலும் அந்த வாடை அப்பிக் கிடக்கும். கோயிலில் எங்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

முதல் மகாயுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து ஒரு உத்தரவு வந்தது. எல்லாச் சாராயக்கடைகளிலும் தட்டியை எடுத்துவிட வேண்டும். மறைவு இருப்பதால்தான் துணிந்து குடிக்கிறார்கள், தெருவில் நாலு பேர் பார்த்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று மது ஒழிப்புக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். பூதலிங்கம் பிள்ளை உத்தரவைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். அன்றைக்கே சாலைக் கடையின் தட்டியை ஆள் வைத்து எடுத்தார். உத்தரவு பிடிக்காவிட்டாலும் தாமதிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

மறுநாள் நான் கண்டதை இன்றுவரை மறக்கவில்லை. கடைக்கு எதிரே திருவிழாக் கூட்டம் கூடியிருந்தது. கடலை விற்கிறவன் கூடையை இறக்கிவிட்டான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தைப் போர்த்திக்கொண்டார்கள். அப்படியும் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் ஆளை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் கூப்பிட்டவர்களில் பாதிப் பேரின் கையை நான் தட்டிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர் ஒருவரின் பெண்டாட்டியை யாரோ போய் அழைத்துவந்து, பார் உன் புருஷனை என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. நல்ல குடும்பத்து மனிதர்கள், நான் தினமும் கும்பிடு போடுகிறவர்கள், வாய்விட்டுச் சிரித்தார்கள்.

குடி குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. மானத்துக்குப் பயந்தவர்கள் கடற்கரைப் பக்கம் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதை வாங்கிக் குடித்தார்கள். அதைக் குடித்துக் கண் போனவர்கள் உண்டு.

உத்தரவின் பலனைப் பற்றிப் பேச ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வக்கீல்கள், வாத்தியார்கள், பெரிய மனிதர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. குற்றமில்லாதவனுக்கு மறைவு எதற்கு என்று ஒரு வக்கீல் கேட்டார், நல்ல கைதட்டல். குடிக்கிறவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்றார், இன்னும் பலமான கைதட்டல். பிறகு இலாகாவின் சார்பில் பூதலிங்கம் பிள்ளையைப் பேசச் சொன்னார்கள். ஏதாவது புள்ளிவிவரம் சொல்லிவிட்டு உட்காருவார் என்று நினைத்தேன். அவரோ தட்டியைத் திரும்ப வைக்க வேண்டும் என்றார். குடி நல்லது என்று தான் சொல்ல வரவில்லை என்றார். கடையை மூடச் சொன்னால் நாளைக்கே பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து தருவதாகவும், ஆனால் சர்க்காரே கடையைத் திறந்து வைத்து, வருகிறவனைத் தெருவில் நிறுத்தி வேடிக்கை காட்டுவது முறையல்ல என்றும் சொன்னார்.

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. பின் பெஞ்சிலிருந்து மலையாளம் கலந்த ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டே. இன்ஸ்பெக்டர் குடிக்குமோ இல்லியோ? அது பறயட்டே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பூதலிங்கம் பிள்ளை அந்தப் பின் பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

"இல்லேன்னு சொன்னா, கேக்கதுக்கு அவனுக்கு அதிகாரம் உண்டுன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் வேய். அடுத்தாப்பில எனக்குப் பக்கத்தில இருக்கவன்கிட்டக் கேப்பான். அவனால இல்லேன்னு சொல்ல முடியாம இருக்கலாம் பாத்துக்கிடும்."

ஒரு வாரத்துக்குள் ஊரே அவரைக் குடிகாரர் ஆக்கிவிட்டது. இவ்வளவு காலம் கனைத்தது கூட்டாளிகளுக்குச் சைகை காட்டத்தான் என்றார்கள். தட்டிக்குப் பின்னால் நின்று ஊற்றிக்கொள்ள முடியாமல் போனதுதான் அவருக்கு வருத்தம் என்றார்கள். வாடைதான் ஏற்கெனவே இருக்கிறதே, வேறு சாட்சி என்ன வேண்டும்? நான் போகிற இடமெல்லாம் சண்டை போட்டேன். உன் இன்ஸ்பெக்டர் உனக்கும் ஊற்றிக் கொடுப்பாரோ என்று கேட்டார்கள்.

இதில் அடிபட்டது அவருடைய ஒரே மகள் பகவதி. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர், கச்சேரியில் குமாஸ்தா, கரமனையில் குடியேறிய நாஞ்சில் நாட்டுக் குடும்பம். நிச்சயதார்த்தம் ஆகி, பந்தலுக்கு மூங்கில்கூட வந்து இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க நான் பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும் வந்தார்கள். நாஞ்சில் நாட்டு வழக்கப்படி வீட்டுக்குப் பெரியவர் தாய்மாமாதான். நான் எழுந்திருக்கப் போனேன். பூதலிங்கம் பிள்ளை இருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

மாமா சுற்றி வளைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், அதே ஹாலில், தான் குடிக்கிறதில்லை என்று பிள்ளைவாள் எழுந்து சொல்லிவிட வேண்டும், சொன்னால் கல்யாணம் நடக்கும் என்றார்.

"பெண்ணெடுக்க வந்தவர் கேக்கதுக்கு நியாயம் உண்டும். உமக்குச் சொல்லுகேன், நான் தொட்டதில்லை. சபையில சொல்லமாட்டேன்," என்றார் பூதலிங்கம் பிள்ளை.

"எனக்குச் சொல்லி என்னத்துக்கு? ஊர் வாயை அடைக்கணும்லா," என்றார் மாமா.

அப்போது பகவதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை தலை குனிந்தபடி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தார். வைத்துவிட்டு உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடினார். சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

முகம் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அதனால் முகங்களுக்குப் பதில் எனக்குக் கைகள் பாடமாகியிருந்தன. இந்தக் கை பேட்டைச் சாராயக்கடையின் மூலை பெஞ்சில் இருக்கிற கை. நாங்கள் எந்தச் சாயங்காலம் போனாலும் அங்கே இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கிளாசை இப்படியே மூடிக்கொள்ளும். சில நாள் அந்தக் கையை இன்னொருவர் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். தட்டியை எடுத்த பிறகுதான் அதைக் காணவில்லை. பூதலிங்கம் பிள்ளையைப் பார்த்தேன். அவர் பார்வை டம்ளர் மேல் இருந்தது.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "குடிகாரன் வீட்டில பெண்ணெடுத்தான்னு பேரு வந்தா ஆபீஸ்ல தலை நிமித்த முடியாது. எனக்கும் ஒரு அந்தஸ்து உண்டும்லா."

ஒரு வார்த்தை போதும். பேட்டை என்று சொன்னால் போதும், அந்த மனிதர் எழுந்து ஓடியிருப்பார். பூதலிங்கம் பிள்ளை, உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொல்லிக் கையைக் கூப்பினார். நிச்சயதார்த்தத்துச் சாமான்களைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் படியிறங்கினார்கள்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் வாழ்நாளில் யார்மேலும் வந்ததில்லை. மேலதிகாரி என்பதெல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பையனை நான் பேட்டைக் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நடக்க முடியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன், அவனா உங்களைக் குடிகாரர் என்று சொல்லிவிட்டுப் போவது என்று கத்தினேன்.

"நீர் பாக்கல்ல," என்றார்.

"பார்த்தேன் சார். நீங்களும் பார்த்தீர்கள்."

அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் துணியை மடிப்பு மடிப்பாகச் சரிசெய்தார். பிறகு, "பாத்தேன். நிச்சயத்துக்கு முன்னாடியே பாத்தேன்," என்றார்.

காலி டம்ளர்களை எடுக்க வந்த பகவதி கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பேட்டைக் கடை விஷயத்தைச் சொன்னவன் நான்தான், ஆனால் அவர் சொன்ன பதிலின் அர்த்தம் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. இந்த மனிதர் தெரிந்தே தன் மகளை அந்தக் கையில் பிடித்துக் கொடுக்கப் போயிருக்கிறார்.

"தெரிஞ்சா எனக்குப் பேசி முடிச்சிய?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

"சம்பந்தம் உங்க அம்மை வழியா வந்தது. எல்லாரும் நல்ல இடம்னு சொன்னாவ. கடையில பாத்ததை வீட்டுக்குக் கொண்டாரப்பிடாது மக்ளே. ஒருத்தனுக்குக் கொண்டுவந்தா அப்புறம் எல்லாருக்கும் கொண்டாரணும்."

"அப்பம் என்னைக் காப்பாத்தினது நீங்க இல்ல. கூட்டத்துல உங்களைக் குடிப்பாரான்னு கேட்டானே, அவன்தான் காப்பாத்தினான்."

கறுப்புக் கோட்டுக்குள் அந்த உயரமான மனிதர் சுருங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். பகவதி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கையெழுத்து வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுவருஷம் உத்தரவைச் சத்தமில்லாமல் ரத்து செய்தார்கள். கடைகளுக்குத் தட்டி திரும்பி வந்தது. பூதலிங்கம் பிள்ளையைப் பற்றிய வதந்தியும் மெல்ல ஓய்ந்து, ஊருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே பிறகு அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பகவதிக்கும் வேறு வரன்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், இவரைக் கடையில் பார்த்ததுண்டா என்று. அவர் உண்டு என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அவள் வேண்டாம் என்றுவிடுவாள். பார்க்காதவனைப் பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நான் ஒரு தடவை அவரிடம் கெஞ்சினேன். ஒருவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்தவனுக்குச் சும்மா இருப்பதே ஆமாம் என்று ஆகிவிடும் என்றார். தர்க்கம் சரிதான்.

கடைசியாக வந்த வரன் எங்கள் இலாகாவிலேயே வேலை பார்த்த பையன். தங்கமான குணம். சாராய வாடையே அவனுக்கு ஆகாது. சேர்ந்த புதிதில் குவளையைப் பிடிக்கச் சொன்னால் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுப்பான். நானும் பூதலிங்கம் பிள்ளையும்தான் அவன் தலையைப் பிடித்துக்கொள்வோம். அவனே பிரியப்பட்டுக் கேட்டு அனுப்பியிருந்தான். பகவதிக்கும் அவனைப் பிடித்திருந்தது என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார்கள். அன்றைக்கும் நான் அங்கே இருந்தேன். பகவதி வந்து அப்பாவின் எதிரில் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. பூதலிங்கம் பிள்ளையின் உதடு அசைந்தது. நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அவர் பேசவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்து நின்றாள். பிறகு உள்ளே போய், வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிடும்படி அம்மாவிடம் சொன்னாள்.

அந்தப் பையன் குடிக்காதவன். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.